அட்டவணையின் அடிவரிசை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், நியூயார்க் மாநகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் குடியேறியிருந்த இத்தாலியச் சிறுவன் ஒருவன், தந்தையின் கையொப்பம் பெறுவதற்காகத் தன் மதிப்பெண் அட்டையை வீட்டிற்குக் கொண்டுவந்தான். தந்தையின் கண்ணை உறுத்தியது அதிலிருந்த பெயர். கொவியேல்லோ என்னும் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை நீக்கி, கொவேல்லோ என்று எழுதியிருந்தார்கள். உச்சரிப்பதற்கு எளிதாயிருக்கும் என்று ஆசிரியை செய்த திருத்தம் அது. தாய்க்கு அடங்காத சினம். பெயரை மாற்ற அந்த அம்மையாருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சிறுவனுக்கோ அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அம்மாவுக்கு இந்த நாட்டின் நடைமுறை தெரியவில்லை என்றே அவனும் அவன் தோழர்களும் எண்ணிக்கொண்டனர். அறுபது வயதைக் கடந்தபின், 1958இல் வெளியான தம் தன்வரலாற்றில், பெற்றோரைக் குறித்து வெட்கப்படக் கற்றுக்கொண்டதே தங்கள் பள்ளிப் பாடமாக அமைந்தது என்று அவர் எழுதினார்.

அச்சிறுவனே பின்னாளில் அதே கிழக்கு ஹார்லெமில் பெஞ்சமின் பிராங்கிளின் உயர்நிலைப்பள்ளிக்கு 1934 முதல் 1956 வரை தலைமையாசிரியராக விளங்கிய லியோனார்ட் கொவேல்லோ. எனினும், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவது நம் நோக்கமன்று. ஒரு மாநகரம் தன் பள்ளிப் பிள்ளைகளை இன்ன நாட்டார், இன்ன மொழியார், இன்ன நிறத்தார் என்று வகுத்து, ஒவ்வொரு வகுப்பாருக்கும் எதிரே அவர்களது தேர்ச்சியைக் குறித்துவைக்கும் அட்டவணையின் கதை ஒன்றுண்டு. ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து ஆண்டுகளாக அந்த அட்டவணை மீண்டும் மீண்டும் எழுதப்பட்டு வருகிறது. அடிவரிசையில் நிற்போரின் பெயர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. அக்கதையையே வாசகர்களோடு சேர்ந்து சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

மக்களைக் கணக்கெடுப்பது பற்றி விவிலியமே இருவகையாகப் பேசுவதை நாம் அறிவோம். எண்ணிக்கை நூலில் ஆண்டவரே கணக்கெடுக்கப் பணிக்கின்றார். சாமுவேல் இரண்டாம் நூலிலோ தாவீது எடுத்த கணக்கு பாவமாகிறது. இவ்விரண்டையும் எங்ஙனம் இணைப்பது என்று குருமடத்தில் பேராசிரியரிடம் வினவி, நிறைவான விடை கிடைக்காமல் இருக்கைக்குத் திரும்பியது இன்னும் நினைவிலுள்ளது. நியூயார்க்கின் அட்டவணைகளைப் படித்தபோது அந்த வினா மீண்டும் எழுந்தது.

1898இல் மன்ஹாட்டன், புரூக்ளின் உள்ளிட்ட ஐந்து பகுதிகள் இணைந்து இன்றைய நியூயார்க் உருவாயிற்று. அதன் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் மாக்ஸ்வெல் 1904ஆம் ஆண்டின் அறிக்கையில் ஒரு செய்தியை வெளியிட்டார். தொடக்கப்பள்ளி மாணவருள் நூற்றுக்கு 39 பேர் தங்கள் வயதுக்குரிய வகுப்பில் இல்லை. கீழ் வகுப்புகளிலேயே தேங்கி நிற்கின்றனர். நகரம் அதிர்ந்தது. கப்பல் கப்பலாக வந்திறங்கும் வேற்றுநாட்டாரே காரணம் என்பது பலரது முடிவு. அவ்வாறு எண்ணுவது எளிதாகவும் இருந்தது. 1908ஆம் ஆண்டளவில் நடந்த குடியேற்ற ஆணையத்தின் ஆய்வின்படி, நியூயார்க் அரசுப்பள்ளிகளில் பயின்றோருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்த தந்தையரின் பிள்ளைகள்.

ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையின் சார்பில் லியோனார்ட் அயர்ஸ் என்பவர் மன்ஹாட்டனின் பதினைந்து பள்ளிகளில் 20,000 பிள்ளைகளின் பதிவேடுகளைப் புரட்டி, அந்த எண்ணம் சரிதானா என்று பார்த்தார். 1909இல் வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்ற அட்டவணை சற்றே நின்று நோக்கத்தக்கது. வயதுக்குரிய வகுப்பில் இல்லாது பின்தங்கியோர் செருமானியருள் நூற்றுக்கு 16, அமெரிக்கருள் 19, உருசியருள் 23, ஆங்கிலேயருள் 24, ஐரிஷ் மக்களுள் 29, இத்தாலியருள் 36.

இதில் உருசியர் எனக் குறிக்கப்பட்டோர் பெரும்பாலும் யூதர். வீட்டில் இத்திஷ் மொழி பேசியோர். அவர்களைவிட, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆங்கிலேயப் பிள்ளைகள் ஒரு படி பின்னே நிற்கின்றனர். ஐரிஷ் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதியதன்று. அவர்களோ இன்னும் பின்னே. ஆகவே, ஆங்கிலம் அறியாமை பெருந்தடையாகத் தெரியவில்லை என்று அயர்ஸ் துணிந்து எழுதினார். பள்ளியில் காலந்தாழ்த்திச் சேர்தல், ஒழுங்காக வாராமை, நோய், உடற்குறை முதலியவற்றைக் காரணங்களாக எடுத்துக்காட்டியதோடு, பாடத்திட்டமே நடுத்தரப் பிள்ளைக்குப் பொருந்தாமல் கூரிய அறிவுடைய பிள்ளைக்கென வகுக்கப்பட்டிருப்பதாகவும் குற்றஞ்சாட்டினார். அவரும் குறையற்றவரல்லர். ஒரு தொழிற்சாலையின் வரவு செலவைப் பார்ப்பதுபோல் பள்ளியைப் பார்த்தவர் அவர். ஒரே வகுப்பை மீண்டும் படிக்கும் பிள்ளையால் எத்தனை டாலர் வீண் என்று கணக்கிட்டவர். ஆயினும் தம் அட்டவணையை நேர்மையோடு படித்தார். அவருக்குப்பின் வந்த பலர் அதைச் செய்யவில்லை.

இங்கே ஐரிஷ் மக்கள் பெற்ற இடத்தை நாம் கவனியாது போகலாகாது. அவர்கள் அந்நகரில் வேரூன்றிய கதை கத்தோலிக்கத் திருச்சபையின் கதையும் ஆகும். 1840களில் நகரின் இலவசப் பள்ளிகளைப் பொதுப்பள்ளிக் கழகம் என்னும் தனியார் அமைப்பு நடத்திவந்தது. அங்கே வாசிக்கப்பட்டது புராட்டஸ்டாண்டு சபையாரின் விவிலிய மொழிபெயர்ப்பு. பாடநூல்களில் கத்தோலிக்கரை இழித்துரைக்கும் பகுதிகளும் இருந்தன. ஐரிஷ் ஏழைகள் பலர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். தங்கள் பள்ளிகளுக்கும் பொதுநிதியில் பங்கு வேண்டுமென 1840இல் ஆயர் ஜான் ஹியூஸ் நகரமன்றத்தின்முன் வாதாடினார், மன்றம் மறுத்தது. 1842இல் இயற்றப்பட்ட மக்லே சட்டம், கழகத்தின் தனியாட்சிக்கு முடிவுகட்டி மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியத்தை ஏற்படுத்தியது. சமயம் புகட்டும் பள்ளிக்குப் பொதுப்பணம் இல்லை என்றும் விதித்தது. அந்நாளில் ஒரு கும்பல் ஆயரின் இல்லத்தின்மீது கல்லெறிந்தது. ஹியூஸ் பங்குதோறும் பள்ளி கட்டும் வழியில் இறங்கினார். ஆண்டுகள் செல்லச்செல்ல, ஐரிஷ் குடும்பத்துப் பெண்கள் நகரின் அரசுப்பள்ளிகளில் ஏராளமாக ஆசிரியைகளாயினர். அறுபது ஆண்டுகளுக்குப்பின் அயர்ஸ் கணக்கெடுத்தபோதும் ஐரிஷ் பிள்ளைகள் அட்டவணையின் கடைசிக்கு முந்திய இடத்தில்தான் இருந்தனர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஏற்றம் என்பது நாம் கதையாகச் சொல்லும்போது தோன்றும் அளவுக்கு விரைவாக நிகழ்வதில்லை.

முதல் உலகப்போர் அறிவுச் சோதனைகளைக் கொண்டுவந்தது. படைவீரர்களுக்கு நடத்திய சோதனைகளைக்கொண்டு, கார்ல் பிரிகாம் என்னும் உளவியலார் 1923இல் ஒரு நூல் எழுதினார். தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் இயற்கையிலேயே அறிவு குன்றியோர் என்பது அதன் சாரம். யூதர் கூர்மதியினர் என்னும் பொதுநம்பிக்கையும் தவறு என்று அதில் வாதிட்டிருந்தார். அடுத்த ஆண்டே இத்தாலியரையும் கிழக்கு ஐரோப்பியரையும் தடுக்கும் குடியேற்றச் சட்டம் நிறைவேறிற்று. 1930இல் பிரிகாம் தம் முடிவுகளுக்கு அடிப்படையில்லை எனத் தாமே அறிவித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டுகளில் நியூயார்க்கின் நகரக் கல்லூரியை நிரப்பிக்கொண்டிருந்தோர், அவர் அறிவு குன்றியோர் எனக் கணித்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகளே.

இனி கொவேல்லோவின் பள்ளிக்கு வருவோம். இத்தாலியப் பிள்ளைகள் ஏன் தேறுவதில்லை என்ற வினாவை அட்டவணையில் தேடாமல், அவர் வீடுகளில் தேடினார். தென் இத்தாலிய உழவர் குடும்பத்தில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய மகன் ஓர் உழைப்பாளி. அவனது கூலி குடும்பத்தின் உரிமை. பள்ளியோ அவனைக் குடும்பத்திடமிருந்து பறிப்பதாகப் பெற்றோருக்குத் தோன்றிற்று. அந்த அச்சம் முற்றிலும் தவறானதும் அன்று. வீட்டின் மொழியையும் உணவையும் உடையையும் இழிவென்று சொல்லாமல் சொல்லிய பள்ளி, பிள்ளைகளை உண்மையிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்தது. இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்து 1944இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அளித்தார்.

அவர் செய்த பணிகளும் அதற்கேற்பவே இருந்தன. உயர்நிலைப்பள்ளிகளில் பிரெஞ்சு, இசுபானிய மொழிகளுக்கு நிகராக இத்தாலிய மொழியையும் கற்பிக்க வேண்டும் என்று போராடி, 1922இல் கல்வி வாரியத்தின் ஒப்புதலைப் பெற்றார். மொழிப்பற்று மட்டுமே இதற்குக் காரணமென்று நாம் கருதவில்லை. தாயோடு பேசும் மொழி பள்ளியிலும் மதிப்பெண் பெறும் பாடமானால், மகன் தாயைப் பார்க்கும் பார்வை மாறும். பெஞ்சமின் பிராங்கிளின் பள்ளியின் கதவுகள் மாலையிலும் திறந்திருந்தன. முதியோர்க்கு ஆங்கிலமும் குடியுரிமைப் பாடமும் அங்கே நடந்தன. தெருவோரக் கடையறைகளை வாடகைக்கு எடுத்து மன்றங்கள் அமைத்தனர். மாணவர்களே தெருத்தெருவாகச் சென்று வீடுகளின் நிலையைக் கணக்கெடுத்தனர். நல்ல குடியிருப்பு வேண்டுமெனப் பள்ளியும் ஊராரும் சேர்ந்து குரலெழுப்பியதன் பயனாக, 1941இல் ஈஸ்ட் ரிவர் குடியிருப்பு எழுந்தது. அட்டவணை எடுப்பவன் யார், எதற்காக எடுக்கிறான் என்பதில்தான் எத்துணை வேறுபாடு! கல்வி வாரியம் எடுத்த கணக்கு பிள்ளையின் தலையில் முடிந்தது. பிள்ளைகள் எடுத்த கணக்கு வீட்டின் ஒழுகும் கூரையில் தொடங்கியது.

இந்த இடத்தில் நம்மவர் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுதல் நன்று. கிழக்கு ஹார்லெமின் 115ஆம் தெருவில் கார்மேல் அன்னைக்கு எழுப்பிய ஆலயம் இத்தாலியரின் உழைப்பாலும் காசாலும் எழுந்தது. ஆயினும் பல ஆண்டுகள் அவர்களுக்குத் திருப்பலி அந்த ஆலயத்தின் கீழ்த்தளத்தில்தான். மேலே ஐரிஷ் மக்களும் செருமானியரும் வழிபட்டனர். பின்னர் போர்ட்டோ ரிக்கோ மக்கள் வந்தபோது, பல பங்குகளில் அவர்களுக்கும் கீழ்த்தளமே ஒதுக்கப்பட்டது. பள்ளியின் அட்டவணையை எழுதியவர்களைக் குறைகூறும் நாம், நம் ஆலயத்தின் மாடிப்படிகளில் எழுதியிருந்த அட்டவணையைப் படிக்கத் தவறிவிட்டோம். ஒரு பள்ளியின் தாளாளராக இருந்த நாள்களில், தேர்வு முடிவு வந்தபின் கூடிய ஆசிரியர் கூட்டத்தில், 'அந்தத் தெருப் பிள்ளைகளால்தான் நமது விழுக்காடு குறைகிறது' என்று ஒருவர் கூறக் கேட்டு, மறுமொழி சொல்லாமல் அடுத்த பொருளுக்குச் சென்றதை நாமும் மறந்துவிடவில்லை. அன்று தேநீர் வந்துவிட்டது என்பதே நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் கிழக்கு ஹார்லெமில் குடிமாற்றம் விரைந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1940இல் ஏறத்தாழ 61,000 பேர். 1960இல் ஆறு இலட்சத்துக்கும் மேல். தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும் பெருந்தொகையாக வந்து சேர்ந்திருந்தனர். 1945 இலையுதிர் காலத்தில் கொவேல்லோவின் பள்ளியிலேயே இத்தாலிய மாணவரும் கறுப்பின மாணவரும் மோதிக்கொண்டனர். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக்கின. புகழின் உச்சியிலிருந்த பாடகர் பிராங்க் சினாட்ரா பள்ளிக்கு வந்து மாணவரிடையே பேசினார். அவரும் இத்தாலியக் குடியேறிகளின் மகனே. இளைஞர் ஆரவாரம் செய்து வரவேற்றனர். ஆனால் ஒரு நாள் ஆரவாரத்தால் தெருக்கள் மாறிவிடுமா?

அட்டவணையின் அடிவரிசைக்குப் புதியவர்கள் வந்தார்கள். 1953 முதல் 1957 வரை கல்வி வாரியமே போர்ட்டோ ரிக்கோ மாணவரைக் குறித்துப் பேராய்வு ஒன்று நடத்தி, 1958இல் வெளியிட்டது. 1961இல் அந்தோனியா பந்தோஹா என்னும் போர்ட்டோ ரிக்கோ பெண்மணி அஸ்பிரா என்னும் அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பு தொடுத்த வழக்கின் பயனாக, ஆங்கிலத்தில் பாடத்தைப் பின்பற்ற இயலாத பிள்ளைகளுக்கு இருமொழிக் கல்வி அளிப்பதாக வாரியம் 1974இல் நீதிமன்றத்தின்முன் இணங்கிற்று. கொவேல்லோ 1922இல் கேட்டதன் விரிவே இது என்று நமக்குப் படுகிறது.

கறுப்பின மக்களின் போராட்டம் வேறு தன்மையது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூயார்க்கிலோ அத்தகைய சட்டமே இல்லை. ஆனால் வீடு எங்கே கிடைத்ததோ அங்கேதான் பள்ளி. வீடு எங்கே கிடைக்கும் என்பதை நிறம் முடிவு செய்தது. 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், மில்டன் கலாமிசன் என்னும் புரூக்ளின் போதகரும் பேயர்ட் ரஸ்டினும் முன்னின்று நடத்திய புறக்கணிப்பில் ஏறத்தாழ 4,60,000 பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவில்லை. அடுத்த மாதமே, தங்கள் பிள்ளைகளை வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பக்கூடாதென வெள்ளையப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் நகரமன்றத்துக்கு ஊர்வலம் சென்றனர். அவர்களுள் அயர்ஸின் அட்டவணையில் இடம்பெற்றோரின் பேரப்பிள்ளைகளும் இருந்தனர். 1968இல் புரூக்ளினின் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் வட்டாரத்தில் பள்ளி நிர்வாகம் யாருக்கு என்ற சச்சரவு எழுந்து, ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் நகரமே நிலைகுலைந்தது. கறுப்பினத்தாருக்கும் யூதருக்கும் இடையே அன்று விழுந்த பிளவு நெடுங்காலம் ஆறவில்லை.

'எங்கள் பாட்டனாரும் ஏழையாகத்தான் வந்தார், முயன்று முன்னேறினார், இவர்களுக்கு மட்டும் என்ன?' என்ற வினா அந்நாளில் பலமுறை கேட்கப்பட்டது, இன்றும் கேட்கப்படுகிறது. இவ்வினாவை நாம் எளிதாக ஒதுக்க விரும்பவில்லை. அதில் உழைத்தவரின் பெருமிதம் இருக்கிறது. ஆனால் பதினான்கு வயதில் பள்ளியை விட்ட இத்தாலியச் சிறுவனுக்குத் துறைமுகத்திலோ கட்டடவேலையிலோ தையற்கூடத்திலோ ஓர் இடம் காத்திருந்தது. பள்ளியில் தோற்றவன் வாழ்விலும் தோற்கவேண்டியதில்லை. அவன் மகனோ மகளோ படித்தால் போதும். 1950இல் நியூயார்க்கில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்குத் தொழிற்சாலை வேலை இருந்தது. 1980இல் அது ஏறத்தாழ ஐந்து இலட்சமாகச் சுருங்கிவிட்டது. ஏணியின் கீழ்ப்படிகள் கழன்று விழுந்துகொண்டிருந்த வேளையில்தான் போர்ட்டோ ரிக்கோ மக்களும் கறுப்பின மக்களும் அதில் கால்வைத்தனர். மேலும், கொவியேல்லோ ஓர் எழுத்தை இழந்து கொவேல்லோ ஆகலாம். வேறு வட்டாரத்துக்கு வீடு மாற்றிப் போகலாம். தோலின் நிறத்தில் எந்த எழுத்தை நீக்குவது?

இன்றைய நிலையையும் சுருக்கமாகப் பார்ப்போம். நகரப்பள்ளிகளில் ஒன்பது இலட்சம் அளவில் மாணவர் பயில்கின்றனர். அவர்களுள் பத்தில் நால்வருக்குச் சற்று மேற்பட்டோர் இசுபானிய மரபினர். கறுப்பினத்தாரும் ஆசியரும் தனித்தனியே ஐவரில் ஒருவர் என்னும் அளவை ஒட்டி உள்ளனர். வெள்ளையர் அதனினும் குறைவு. 2023ஆம் ஆண்டின் மாநிலத் தேர்வில், மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, ஆங்கிலப் பாடத்தில் உரிய தரம் எட்டியோர் ஆசியருள்ளும் வெள்ளையருள்ளும் பத்தில் எழுவர் அளவு; கறுப்பினத்தாருள்ளும் இசுபானிய மரபினருள்ளும் பத்தில் நால்வர் அளவு. நுழைவுத்தேர்வு ஒன்றை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட ஸ்டைவசன்ட் உயர்நிலைப்பள்ளியில் 2019இல் இடம் வழங்கப்பெற்ற 895 பேருள் கறுப்பினத்தார் எழுவர். ஆசியர் 587 பேர். இவ்வாசியருள் பலர் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளே; உணவகத்திலும் தையற்கூடத்திலும் பெற்றோர் ஈட்டியதில் ஒரு பகுதி தனிப்பயிற்சிக்குப் போகிறது. ஒற்றைத் தேர்வை மாற்ற முற்படுவோர், தாங்கள் தேடிப்பிடித்த ஒரே வாயிலையும் அடைப்பதாக அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை இனவெறுப்பு என்று முத்திரை குத்திவிடுவது நீதியாகாது. அந்த எழுவரைத் திறமையின் கணக்கு என்று கொள்வதும் நீதியாகாது.

அட்டவணையில் இனம் என்னும் நிரலுக்கு அடியில் மறைந்துபோகும் பிள்ளைகள் வேறு சிலர் உளர். 2015-16 முதல் ஆண்டுதோறும் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளுள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் நிலையான வீடின்றி, நகரத்தின் காப்பகங்களிலோ உறவினர் வீட்டின் மூலையிலோ உறங்கி எழுந்து பள்ளிக்கு வருகின்றனர். 2023-24இல் அவர்களின் தொகை 1,46,000 அளவு. காலந்தாழ்த்திச் சேர்தல், ஒழுங்காக வாராமை, நோய் என்று அயர்ஸ் 1909இல் எழுதிய காரணங்கள் இவர்களைப் பார்த்து எழுதியவை போலிருக்கின்றன.

கொவேல்லோ ஓய்வுபெற்றபின் போர்ட்டோ ரிக்கோ மக்களிடையே பணியாற்றினார். முதுமையில் இத்தாலிக்கே திரும்பி, 1982இல் சிசிலியின் மெசினா நகரில் காலமானார். அவர் கட்டி வளர்த்த பள்ளி, தேர்ச்சி மிகவும் தாழ்ந்துவிட்டதென்று அதே ஆண்டில் மூடப்பட்டது. கிழக்கு ஆற்றங்கரையில் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. அறிவியலுக்கும் கணிதத்துக்குமான வேறொரு பள்ளி அங்கே நடைபெறுகிறது. தம் மாணவர் எந்தத் தெருவில், எந்த வீட்டில் வாழ்கின்றனர் என்பதைப் புள்ளி வைத்துக் குறிப்பதற்காக அவர் வரைவித்த கிழக்கு ஹார்லெம் வரைபடங்கள் உண்டு. அவருடைய தாள்கள் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் பேணப்படுகின்றன.